எவரெஸ்ட் அடிவாரம்: முதல் நாளில் அவசரம் வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 48. தினமும் காலையில் எங்கள் முருகன் கோயிலின் 365 படிகளையும் நிற்காமல் ஏறுகிறேன். வரும் அக்டோபரில் வழிகாட்டியுடன் ஒரு குழுவாக எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகிறோம். முதல் நாள் லுக்லாவில் இறங்கி பாக்டிங் வரை மூன்று, நான்கு மணி நேர நடைதானாம். அதுவும் பெரும்பாலும் இறக்கம். அன்றே நாம்சே பஜார் போய்விட்டால் ஒரு நாள் மிச்சம்தானே?
— வாசகர், திருத்தணி

பதில்: வேண்டவே வேண்டாம். தினமும் படியேறும் உங்களுக்கு மூச்சும் தொடையும் நன்றாகப் பழகியிருக்கும். உயரம் சோதிப்பது இரத்தத்தை. அக்டோபர் நெரிசல் மாதம் என்பதால் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவுக்குப் பதில் ராமேச்சாப்பிலிருந்து கிளம்பும். அதற்காக நள்ளிரவு தாண்டியதுமே காத்மாண்டுவில் வண்டியேற்றிவிடுவார்கள், தூக்கம் போச்சு. ராமேச்சாப் 500 மீட்டர் உயரம்கூட இல்லை. அங்கிருந்து அரை மணிக்குள் 2,860 மீட்டரில் இறங்குகிறீர்கள். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு.

உடல் வேகமாக மூச்சு வாங்கி ஈடுகட்டப் பார்க்கும். அப்போது கரியமிலவாயு அதிகம் வெளியேறி இரத்தத்தில் காரத்தன்மை கூடும். அதைச் சிறுநீரகம் சரிசெய்யச் சில நாட்கள் ஆகும். முதல் இரவில் அடிக்கடி சிறுநீர் போனால் பயப்படாதீர்கள், காரணம் இதுதான். இந்த வேலையை ஊரில் படியேறி முன்கூட்டியே முடித்துவைக்க வழியில்லை.

பாக்டிங் 2,610 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம் தாழ்வு. அங்கே ஒரு இரவு தூங்கி, மறுநாள் 3,440 மீட்டரிலுள்ள நாம்சேக்கு ஏறுவதுதான் முறை. 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பார்கள் மலை மருத்துவர்கள். பாக்டிங்கிலிருந்து நாம்சே ஏறுவதே பெரிய தாவல்தான். அதனால்தான் நாம்சேயில் இரண்டு இரவு தங்க வைக்கிறார்கள்.

உங்களைப் போல உடல்வலு உள்ளவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வழிகாட்டியை முந்தி நடப்பதும், தலைவலியை வெளியே சொல்லாமல் மறைப்பதும் அவர்கள்தான். தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ இருந்தால் அன்று மேலே ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் கூடிக்கொண்டே போனால் உடனே இறங்க வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது. உயரத்துக்கு உடல் பழக உதவும் அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சல்ஃபா ஒவ்வாமையோ இரத்த அழுத்தமோ இருந்தால் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வழியில் சுமை கழுதைகளும் மாடுகளும் வரிசையாக வரும். அப்போது பள்ளத்துப் பக்கம் ஒதுங்காதீர்கள், மலைச் சரிவுப் பக்கம் நில்லுங்கள். தொங்கு பாலத்தில் அவை ஏறிவிட்டால், கடந்து முடிக்கும்வரை நீங்கள் கால் வைக்க வேண்டாம். மந்திரம் செதுக்கிய மணிச் சுவர்கள் வந்தால் நாம் பிரகாரம் சுற்றுவதுபோல வலமாகக் கடந்து போக வேண்டும். அங்குள்ளவர்களுக்கு அது முக்கியம்.

இப்போதிருந்தே ஐந்து கிலோ பையோடு படியேறுங்கள். மேலே போய்ப் பேருந்தில் இறங்கிவிடாதீர்கள். முழங்காலுக்கு இறக்கப் பயிற்சிதான் அவசியம். உங்கள் குழுவின் திட்டத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். பாக்டிங்கில் ஒரு இரவும் நாம்சேயில் இரண்டு இரவும் இல்லையென்றால், அந்தக் குழுவுக்குப் பணம் கட்டாதீர்கள்.