பந்து ஏன் மிதந்தது?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

திரையில் பொருள்கள் ஓடுவதும் குதிப்பதும் நம் கண்ணை ஏமாற்றும் வித்தையே. நொடிக்கு 24 படங்கள் மாறுகின்றன. அத்தனையையும் நாம் அமைக்க வேண்டியதில்லை. பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளில் முக்கிய நிலைகளை மட்டும் குறித்தால், இடைப்பட்ட படங்களைக் கணினியே நிரப்பும். அவ்வாறு குறிக்கும் நிலைக்குக் கீஃப்ரேம் என்று பெயர்.

பந்து ஒன்று 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து எழும்ப வேண்டும். 1ஆம் படத்தில் மேலே, 13ஆம் படத்தில் தரையில், 25ஆம் படத்தில் மீண்டும் மேலே எனக் குறித்தேன். விழ ஏறத்தாழ அரை நொடி, கணக்குச் சரி. பந்தோ பஞ்சு மெத்தையில் இறங்குவதுபோல் தரையருகே தயங்கியது.

விடுமுறையில் அதை என் தந்தையாரிடம் கைப்பேசியில் காட்டினேன். அவர் கொத்தனார், பள்ளிக்கூடம் அறியாதவர். "கீழ வந்து ஏம்ப்பா தயங்குது? செங்கல்லை மேல வீசினா உச்சியிலதான் ஒரு கணம் நிக்கும். சாரத்துல இருக்கிறவன் அப்பத்தான் பிடிப்பான்" என்றார். நியூட்டன் விதிகளை எழுதித் தேறிய எனக்கு வெட்கமாகப் போயிற்று.

காரணம் இதுதான். மென்பொருள் உச்சியில் மட்டுமின்றி அடியிலும் இயக்கக் கோட்டைக் கிடையாக்கி, வேகத்தைக் குறைத்துவிடுகிறது. உண்மையில் விழும் பந்து முதல் 6 படங்களில் 30 செ.மீ.தான் இறங்கும், அடுத்த 6 படங்களில் 90 செ.மீ. இறங்கும்.

திருத்தும் முறை எளிது. கிராஃப் எடிட்டரில் உயரக் கோட்டின் 13ஆம் படப் புள்ளியைத் தேர்ந்து, 'வி' விசையை அழுத்தி, 'ஃப்ரீ' என்பதைத் தேர்க. அப்புள்ளியின் இரு கைப்பிடிகளும் தனித்தனியே அசையும். இடக் கைப்பிடியை 4 படம் இடப்புறமும் 80 செ.மீ. மேலேயும் வைக்க; வலக் கைப்பிடியை அதே அளவில் வலப்புறம் வைக்க. உச்சிக் கைப்பிடிகள் 4 படம் நீளத்தில் கிடையாக இருக்கட்டும். கோடு தரையில் கூராகவும் உச்சியில் வளைவாகவும் மாறும். புவியீர்ப்பு தரும் பரவளையமே அது! இத்தகைய கோடுகளை 1960களில் ரெனோ கார் நிறுவனப் பொறியாளர் பியர் பெசியே, கார்களின் வடிவமைப்புக்குக் கையாண்டார்.

'மோஷன் பாத்' வசதியை இயக்கினால் பந்தின் தடம் புள்ளிகளாகத் தெரியும். புள்ளிகள் நெருங்கினால் மெதுவு, விலகினால் விரைவு. கோட்டைத் திருத்தியபின் தடத்தைப் புதுப்பிக்க மறக்கலாகாது.

மீண்டும் தந்தையாரிடம் காட்டினேன். "இப்ப சரியா விழுது" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆயினும் நண்பர்களே, இந்தப் பாடத்தை நான் முதலில் கற்றது வீட்டுத் திண்ணையில்தான்!