கவுண்டரில் உட்கார்ந்து எழுதிய டெஸ்ட் பிளான்

ஒரு கல்லூரி நூலகத்தில் புது மென்பொருள் ஓடத் தொடங்கிய முதல் நாள். காலை பத்தே முக்காலுக்கு இடைவேளை விட்டதும் கவுண்டரில் மாணவர்கள் குவிந்துவிட்டார்கள். உதவியாளர் ஒரு தமிழ் நாவலின் பார்கோடை ஸ்கேன் செய்தார். 'டி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்க வேண்டிய எண், திரையில் 'க்ஷ' என்று தொடங்கியது. அப்படி ஒரு புத்தகமே இல்லை என்றது மென்பொருள். அடுத்த புத்தகத்துக்கும் அதே 'க்ஷ'. அரை மணி நேரத்தில் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. நூலகர் அலமாரியைத் திறந்து பழைய இரவல் நோட்டை எடுத்துக் கையால் எழுத ஆரம்பித்தார். சோதனைக்குப் பொறுப்பாளியாக நான் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

பார்கோடு ஸ்கேனர் கணினியைப் பொறுத்தவரை இன்னொரு கீபோர்டு. கோடுகளில் இருப்பதை எழுத்தாகத் தட்டிவிட்டு, கடைசியில் என்டரையும் அழுத்துகிறது. சற்று முன்னால் ஓர் ஆசிரியர் கேட்ட நூலைத் தேடுவதற்காக உதவியாளர் தமிழ்99க்கு மாறியிருந்தார். அந்த விசைப்பலகையில் ஷிஃப்ட்டோடு 'டி' அடித்தால் 'க்ஷ' வரும். எங்கள் பிளானில் இருநூறுக்கு மேல் டெஸ்ட் கேஸ்கள் இருந்தன. எல்லாம் பாஸ் ஆகியிருந்தன. எல்லாவற்றையும் எங்கள் அலுவலகத்தில், ஆங்கில கீபோர்டில் சோதித்திருந்தோம். தமிழில் தேடிக்கொண்டே புத்தகமும் கொடுக்கிற ஒருவரின் கை எப்படிப் போகும் என்று நாங்கள் யாரும் பார்த்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த நூலகத்துக்கு டெஸ்ட் பிளான் எழுதினாலும், முதல் வரி எழுதும் முன் மூன்று நாள் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருவேன். கேள்வி கேட்பதைவிடப் பார்ப்பதே அதிகம் உதவும். தேவை ஆவணத்தில் 'ரெஃபரன்ஸ் நூல்கள் இரவல் தரப்படமாட்டா' என்று இருக்கும். மாலை ஐந்து மணிக்கு ஒரு மாணவி வந்து நிற்பாள். "ராத்திரிக்கு மட்டும் எடுத்துட்டுப் போம்மா, காலையில முதல் பெல்லுக்கு முன்னாடி கொண்டு வந்துடணும்" என்று நூலகர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு கொடுப்பார். பல கல்லூரிகளில் ஆண்டுக்கணக்காக நடக்கும் வழக்கம் இது. மென்பொருள் இதை அனுமதிக்காவிட்டால் அந்தத் துண்டுச் சீட்டு தொடரும். புத்தகம் எங்கே இருக்கிறது என்பது திரையில் ஒருநாளும் சரியாக வராது. இந்த மாதிரி விதிகளை எந்த ஆவணமும் சொல்லாது, ஸ்டூல்தான் சொல்லும்.

நிர்வாகத் தரப்பில் அடிக்கடி ஒரு கேள்வி வரும்: "கோஹா உலகம் முழுக்க ஓடுதே சார், நாம வேற தனியா எதுக்குச் சோதிக்கணும்?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. கோஹா என்ற நூலக மென்பொருள் 2000 ஜனவரியில் நியூசிலாந்தின் ஹோரோஹெனுவா நூலகங்களில் இயங்கத் தொடங்கியது. அவர்கள் கையில் இருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற நெருக்கடியில் எழுதப்பட்டது அது. இரண்டு தலைமுறை நிரலாளர்கள் கைபட்ட பண்டம். ஆனால் அவர்கள் சோதித்தது நிரலை. உங்கள் கல்லூரியின் அபராத விதி, உங்கள் பழைய டேட்டா, உங்கள் ஸ்கேனர், உங்கள் ஊர் மின்வெட்டு ஆகியவற்றை அவர்கள் சோதித்திருக்க முடியாது. நான் பார்த்த வரையில் கவுண்டரை நிறுத்திய கோளாறுகளில் பெரும்பாலானவை இவற்றிலிருந்துதான் வந்தன. எனவே பிளானில் நேரத்தைப் பங்கிடும்போது பாதிக்கு மேல் டேட்டாவுக்கு ஒதுக்கிவிடுகிறேன்.

டேட்டா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பெரும்பாலும் பழைய மென்பொருளிலிருந்து எல்லாவற்றையும் எக்செல்லில் இறக்கித்தான் நம் கையில் தருவார்கள். அங்கேயே முதல் சேதம் நடந்திருக்கும். பூஜ்யத்தில் தொடங்கும் பத்து இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணில் அந்தப் பூஜ்யம் காணாமல் போயிருக்கும். பதின்மூன்று இலக்க எண் சுருக்க வடிவுக்கு மாறி, அப்படியே சேமிக்கப்பட்டிருந்தால் கடைசி இலக்கங்களும் போயிருக்கும். நல்ல வேளையாக, ஐ.எஸ்.பி.என்.னின் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம். பத்து இலக்க எண்ணில் ஒவ்வோர் இலக்கத்தையும் இடமிருந்து முறையே 10, 9, 8 என்று 1 வரை பெருக்கிக் கூட்டினால் தொகை 11ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 2007 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள பதின்மூன்று இலக்க எண்ணில் 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் 10ஆல் வகுபட வேண்டும். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி மொத்த டேட்டாவையும் இந்தக் கணக்கில் ஓட்டிவிடுங்கள். எத்தனை எண்கள் கெட்டிருக்கின்றன என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

அடுத்தது எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தலைப்புகள் உள்ளே ஆங்கில எழுத்துகளாகத்தான் கிடக்கும். எழுத்துரு போர்த்தினால்தான் அவை தமிழாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்ற மாற்றிகள் இருக்கின்றன. தூய தமிழ்த் தலைப்புகளை ஒழுங்காக மாற்றுகின்றன. தமிழும் ஆங்கிலமும் கலந்த தலைப்புகளில்தான் வினை. ஒரு கணினிப் பாடநூலின் தலைப்பில் நடுவில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் இருந்தன. மாற்றி அவற்றையும் தமிழாக்கிவிட்டது. எந்த மொழியிலும் இல்லாத இரண்டு சொற்கள் அட்டவணையில் வந்து உட்கார்ந்தன. கலப்புத் தலைப்புகளைத் தனியாகப் பிரித்து, ஆள் வைத்துப் படித்துச் சரிபார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

யூனிகோடுக்கு வந்த பிறகும் ஓய முடியாது. 'கௌதமன்' என்ற பெயரைச் சிலர் ஔகாரக் குறியோடு அடித்திருப்பார்கள். சிலர் 'கெ' அடித்துப் பக்கத்தில் 'ள' போட்டிருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வேறு பெயர்கள். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. 'ஸ்ரீ'க்கும் இதே கதி: ஸ-வில் தொடங்கி ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்கி இன்னொன்று. இதற்காகவே என் பிளானில் ஒரு பக்கம் நிரந்தரமாக உண்டு. ஔகாரம், ஸ்ரீ, ஒகர ஓகாரங்கள், முதலெழுத்துக்குப் பின் இடைவெளி உள்ள உ. வே. சா., இடைவெளி இல்லாத உ.வே.சா., ஜெயகாந்தன், ஜயகாந்தன் என்று தேடு சொற்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நூல் வர வேண்டும் என்று நூலகரிடம் முன்கூட்டியே கேட்டுக் குறித்துவைக்கிறேன். கோஹாவில் சீப்ரா தேடுபொறியை நிறுவும்போது யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியூ முறையைத் தேர்ந்தெடுத்தார்களா என்பதை இந்த ஒரு பக்கமே காட்டிக்கொடுத்துவிடும்.

அகர வரிசையும் அப்படித்தான். வெறும் குறியீட்டு எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் ஆய்த எழுத்து அகரத்துக்கு முன்னால் வரும்; ந-வுக்கு அடுத்து ன வரும்; ர-வை ஒட்டியே ற வந்து நிற்கும். பள்ளியில் படித்த வரிசையில் ஒரு நூலைத் தேடி வருகிறவர், அது நூலகத்தில் இல்லையென்றே முடிவுகட்டிவிடுவார். நூலகத்தைப் பொறுத்தவரை இது பெரிய பிழை என்பது என் கட்சி. சாதாரண டெஸ்டர் இதைச் சின்னக் குறை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

வெட்டுப்பட்ட தலைப்புகளையும் தேடுங்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்; 'கொ' என்ற ஒரே எழுத்துக்கு 6 பைட். பழைய மென்பொருளில் தலைப்புக்கு 100 பைட் ஒதுக்கியிருந்தால் 33 தமிழ்க் குறியீடுகளுக்கு மேல் இடமில்லாமல் தலைப்பு முறிந்துவிடும். டேட்டாவில் உள்ள தலைப்புகளின் நீளத்தைப் பைட்டில் எண்ணிப் பாருங்கள். ஏராளமானவை ஒரே நீளத்தில் முடிகின்றன என்றால் அங்கேதான் கத்தி விழுந்திருக்கிறது.

எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடக் கூடாது. பழையதில் எத்தனை பதிவோ அத்தனையும் புதியதில் வந்துவிட்டது என்று கையெழுத்துப் போடும் முன், இரண்டு திசையிலும் நடந்து பாருங்கள். திரையில் கண்மூடி எடுத்த 150 பதிவுகளுக்கு அலமாரியில் நூல் இருக்கிறதா; அலமாரியில் கண்மூடி எடுத்த 150 நூல்களுக்குத் திரையில் பதிவு இருக்கிறதா. இரண்டாவது திசையில்தான் அதிகம் சிக்கும். பைண்டிங்குக்குப் போய்த் திரும்பிய நூல்கள், நன்கொடையாக வந்து, நூல் வரவைப் பதியும் அக்சஷன் ரெஜிஸ்டரில் மட்டும் ஏறிய நூல்கள், இரண்டு நூலுக்கு ஒரே அக்சஷன் எண் விழுந்தவை எல்லாம் அங்கே கையில் கிடைக்கும்.

இரவல் விதிகளுக்கு வருவோம். யாருக்கு, எந்த வகை நூல், எத்தனை நாள், எத்தனை முறை புதுப்பிக்கலாம், நாளுக்கு எவ்வளவு அபராதம் என்பதையெல்லாம் ஒரு பெரிய கட்டத்தாளில் போட்டு நூலகரோடு உட்கார்ந்து நிரப்புங்கள். வெறும் கட்டம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பிறகு தேதிகள். ஜனவரி 3ஆம் தேதி 14 நாளுக்குக் கொடுத்த புத்தகம் 17ஆம் தேதி திரும்ப வேண்டும். பொங்கல் 15ஆம் தேதி வரும் ஆண்டில் அது உழவர் திருநாள், விடுமுறை. கோஹாவில் கெடுத் தேதி விடுமுறையில் விழுந்தால் என்ன செய்வது என்பது ஓர் அமைப்பு. அபராதம் கணக்கிடும்போது விடுமுறை நாட்களைக் கழிப்பதா என்பது வேறோர் அமைப்பு. முதலாவதைச் சரியாக வைத்து இரண்டாவதை மறந்தால், கெடுத் தேதி அழகாக அடுத்த வேலை நாளுக்கு நகர்ந்திருக்கும். புத்தகம் பிந்தித் திரும்பும்போது இடையில் ஒரு ஞாயிறு வந்தால் அதற்கும் அபராதம் விழும்.

இதைவிடச் சிக்கலானது மழை விடுமுறை. நவம்பரில் காலை ஆறரைக்கு மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிக்கிறார். அன்று கெடு முடியும் புத்தகங்களின் தேதி இரண்டு வாரத்துக்கு முன்பே கணக்கிடப்பட்டு மாணவர் கையில் இருக்கிறது. இன்று காலண்டரில் விடுமுறை சேர்த்தாலும் அந்தத் தேதி தானாக மாறாது. மறுநாள் நனைந்த பையோடு வருகிற பிள்ளையிடம் அபராதம் கேட்பதா? ஒரு கல்லூரியில் நான் இதைக் கேட்டபோது நூலகர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சார், முப்பது வருஷமா மழை லீவுக்கு நான் ஃபைன் வாங்கினதே இல்ல. கேட்டா மனசு வராது. ஆனா அது எங்கயும் எழுதி இல்ல" என்றார். அன்றே எழுதினோம்: மழை விடுமுறையை யார் காலண்டரில் ஏற்றுவது, எத்தனை மணிக்குள், அன்று கெடு முடியும் புத்தகங்களின் தேதியை மொத்தமாக எப்படித் தள்ளுவது. அதற்கு மூன்று டெஸ்ட் கேஸ். அந்தப் பிளானில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

பிழைகளின் தீவிரத்தை வகைப்படுத்தும் பொறுப்பையும் நூலகத்திடமே விட்டுவிடுங்கள். ஐஇஇஇ 730 போன்ற தரநிலைகள் மென்பொருள் தர உறுதிப் பிளானில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும். 2014 பதிப்பை ஒருமுறை படித்துவைப்பது நல்லது. ஆனால் எந்தப் பிழை யாரை எவ்வளவு வருத்தும் என்பதை அதில் தேட முடியாது. எங்கள் வரிசையில் முதல் இடம், தவறாக அபராதம் விழுவதற்கு. இரண்டாவது, கவுண்டர் நிற்பது. மூன்றாவது, இருக்கிற நூலை இல்லை என்று காட்டுவது. ஒரு மாணவர் படித்த நூல்களின் பட்டியலை இன்னொருவர் பார்க்க நேர்வதையும் முதல் இடத்திலேயே சேர்த்திருக்கிறேன். உதவியாளர் லாகினில் எது தெரிகிறது, பகுதி நேர மாணவ ஊழியர் லாகினில் எது தெரிகிறது என்று ஒவ்வொன்றாக நுழைந்து பார்த்துவிடுங்கள்.

பேக்கப் பற்றி ஒரே வார்த்தை: வேறொரு கணினியில் அதை மீட்டெடுத்து, தமிழ்த் தலைப்பு ஒன்றைத் திறந்து படித்துப் பார்க்கும் வரை உங்களிடம் பேக்கப் இருப்பதாக எண்ண வேண்டாம். இரண்டு கவுண்டரில் ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் ஸ்கேன் செய்வது, இரவல் நடுவில் மின்சாரத்தைப் பிடுங்குவது, நெட்வொர்க் கேபிளைக் கழற்றுவது ஆகியவற்றுக்கு ஒரு மதியம் போதும்.

பார்கோடு அச்சடிக்கும் முன்பே, எண்கள் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டதென்றால், தமிழ் விசைப்பலகை போட்டபடியே நூறு புத்தகத்தை ஸ்கேன் செய்யச் சொல்கிறேன். அதைச் செய்ய வேண்டியவர் கவுண்டரில் தினமும் இருக்கும் அண்ணன்தான், என் டீமில் யாரும் இல்லை. நாங்கள் கைகட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்போம். அவர் தயங்கும் இடம் ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்வோம்.

தொடங்கும் நாளையும் பிளானே தீர்மானிக்கட்டும். ஜூனில் வேண்டாம், தேர்வுக்கு முந்திய வாரமும் வேண்டாம். செமஸ்டர் தேர்வு முடிந்த சனிக்கிழமை நல்லது. அடுத்த இரண்டு வாரம் எல்லா இரவலையும் பழைய இரவல் நோட்டிலும் எழுதி, மாலைதோறும் அன்றைய இரவல்களில் இருபதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த நோட்டு ஒரு மாதமாவது கவுண்டரிலேயே இருக்கட்டும், பக்கத்தில் சீவிய பென்சிலோடு. அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகும் அதில் ஒரு வரி எழுதும்படி ஆகிறபோதெல்லாம், மணியையும் காரணத்தையும் எதிரே குறித்துவைக்கச் சொல்லுங்கள். அந்த வரிகளிலிருந்துதான் நான் அடுத்த நூலகத்துக்கான டெஸ்ட் கேஸ்களை எழுதுகிறேன்.