கை வீக்கமும் சஸ்திர சிகிச்சையும்

மார்புப் புற்றுநோய்க்காக அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றிக்கொண்டு, அதன்மேல் கரண்டும் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்துக்கொண்ட ஸ்திரீகளில் சிலருக்கு, மாதங்கள் கழித்தோ வருஷங்கள் கழித்தோ, அந்தப் பக்கத்துக் கை வீங்கி, வளையல் ஏறாமலும் ரவிக்கைக் கை நுழையாமலும் போகும்போது, ஓர் ஆபரேஷனோடு இந்தத் தொல்லை ஒழிந்துவிடாதா என்ற ஏக்கம் எழுவது இயற்கையே. அந்த ஏக்கத்தைச் சுற்றி வளர்ந்துவிட்ட நம்பிக்கைகளைப் பரிசீலிக்காமல் கத்திக்குச் சம்மதிப்பது உசிதமல்ல.

தேங்கியிருப்பது வெறும் நீர்தானே, ஊசியால் உறிஞ்சிவிட்டால் வற்றிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே தேங்குவது நிணநீர்; அது புரதம் கலந்தது. ஒரு பையில் நிற்காமல் திசுக்களுக்கிடையே எங்கும் பரவி நிற்பதால் ஊசிக்கு அகப்படாது. குத்திய இடத்தின் வழியே கிருமிகள் நுழைந்து ஜுரமும் சிவப்பும் உண்டாவதுதான் மிச்சம். அன்றியும், நாளடைவில் அங்கே நீர் மட்டுமே இருப்பதில்லை: தேக்கம் நீடித்த இடத்தில் கொழுப்பு வளர்கிறது, நார்த்திசு தடிக்கிறது. கட்டைவிரலால் சற்று நேரம் அழுத்திப் பார்த்தால், நீர் மிகுந்த கையில் குழி விழும். கொழுப்பும் நாரும் மிகுந்த கையில் அநேகமாக விழாது. எந்தச் சிகிச்சை என்பதை நிர்ணயிப்பதற்கு முன் இந்த வித்தியாசத்தை அறிவதே முதற்காரியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஏனெனில், புதிதாக வந்த முறை எதுவோ அதுவே எல்லோருக்கும் சிறந்தது என்ற எண்ணம் இங்கேதான் உடைகிறது. ஜப்பானிய நிபுணர் இஸாவோ கோஷிமா வளர்த்தெடுத்த முறையில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள நிணநீர் நாளங்களை மைக்ராஸ்கோப்பின் உதவியால் அருகிலுள்ள சிறு சிரைகளோடு இணைத்துத் தைக்கிறார்கள். வெட்டு சிறியது, ஆபத்தும் குறைவு. ஆனால் இயங்குகிற நாளங்கள் எஞ்சியிருந்தால்தான் பலன் உண்டு. அதை அறிய, தோலுக்கடியில் இண்டோசயனின் பச்சைச் சாயத்தைச் செலுத்தி, அது செல்லும் வழியை அகச்சிவப்புக் காமிராவால் பார்க்கிறார்கள். இடுப்புமடிப்பு, கழுத்து முதலிய இடங்களிலிருந்து ரத்தநாளத்தோடு கூடிய கணுக்களை எடுத்து அக்குளில் பதிப்பது இன்னொரு முறை; கணு கொடுத்த பக்கத்துக் காலோ வேறு அங்கமோ வீங்கக்கூடும் என்பதை வைத்தியர் தாமாகச் சொல்லாவிட்டாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை அழகுக்காகச் செய்வது, நோயாளிக்கு எதற்கு என்று கேட்பவர்கள், ஸ்வீடனில் மால்மோ நகரத்து ஹோகன் ப்ரோர்ஸன் பல்லாண்டுகளாகச் செய்துவந்த பணியை அறியாதவர்கள். குழி விழாத கைகளில் மிகையான கொழுப்பை அகற்றி, மற்றக் கையின் அளவுக்கே கொண்டுவந்து, அந்த நிலை வருஷக்கணக்கில் நீடிப்பதை அவர் நிரூபித்தார். எஞ்சியிருந்த நிணநீர் ஓட்டம் இதனால் மேலும் கெடவில்லை என்றும், கிருமித் தாக்குதல்கள் குறைந்தன என்றும் கண்டார். ஆயினும் கொழுப்பு போனதே தவிர, அடைபட்ட வழி திறக்கவில்லை. ஆதலால் ஸ்லீவ் என்னும் இறுக்கமான உறையை இரவும் பகலும் ஆயுள் முழுவதும் அணிந்தாக வேண்டும். கழற்றி வைத்தால் வீக்கம் திரும்பும்.

ஆபரேஷனுக்குப் பின் உறையைத் தூக்கியெறிந்துவிடலாம் என்பதே நம்பிக்கைகளில் மிகவும் அபாயகரமானது. நாளங்களை இணைத்துக்கொண்டவர்களில் சிலருக்கு உறையின் தேவை குறைவதுண்டு, எல்லோருக்கும் அல்ல. 1908-ல் லண்டனில் சாம்ப்ஸன் ஹேண்ட்லி வீங்கிய கைகளுக்குள் பட்டு நூல்களைச் செலுத்தி நீரை வடியவைக்க முயன்ற காலத்திலிருந்து, ஒரே சிகிச்சையில் பூரண நிவர்த்தி என்ற எதிர்பார்ப்பு எத்தனையோ முறை பொய்த்திருக்கிறது.

ஆகவே, கட்டுப்போடுதல், உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவற்றை ஒழுங்காகச் செய்து பார்த்த பிறகே அறுவையைப் பற்றி யோசிக்கலாம். வீக்கம் திடீரென்று ஏறினாலோ வலி கூடினாலோ, புற்றுநோய் திரும்பியிருக்கிறதா என்று முதலில் பரிசோதிக்க வேண்டும். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன், உறை சில மாதங்களில் நெகிழ்ந்துவிடுவதால் திரும்பத் திரும்பப் புதிது வாங்க நேரும் என்பதையும், அந்தச் செலவைக் குடும்பத்தில் யார் ஏற்பார்கள் என்பதையும் கூடி உட்கார்ந்து பேசிவிடுங்கள்.