நான்கு முழ நோக்கு: ஈர்யா சமிதியும் மன அமைதியும்

கவலை மிகுந்தவர் நடக்கையில் கால்கள் தெருவில் இருக்கும். மனமோ கடன்காரர் வாசலிலோ பிள்ளையின் தேர்வு முடிவிலோ நிற்கும். வீடு திரும்பும்போது உடல் களைத்திருக்கும், கவலை குறைந்திராது. இதற்கு நம் முனிவர்களின் ஒழுக்கத்திலேயே மருந்து உண்டு.

ஐவகைச் சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. பகலொளியில், முன்னே நான்கு முழ நிலத்தை நோக்கி, சிற்றுயிர்க்கும் ஊறு நேராவண்ணம் நடத்தலே அது. தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலைக் கல்வெட்டுகள் திருச்சாரணத்துக் குரத்தியரைக் குறிக்கின்றன. திருச்சாரணம் என்பது இன்றைய குமரி மாவட்டச் சிதறால் மலை. துறவியர் வாகனம் ஏறார். எத்துணை நெடுவழியாயினும் நான்கு நான்கு முழமாகவே கடப்பர்.

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், சாத்தான்குளத்தை அடுத்த தேரிக்காட்டின் செம்மணலில் கால் புதையும்; விரைய இயலாது. அந்நிதானத்தை நாம் தெருவிலும் பழகலாம். கதிர் எழுந்தபின், கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு, வண்டிகள் குறைந்த இடத்தில் இருபது நிமிடம் நடப்போம். குதிகால் ஊன்றுவதையும் விரல்கள் எழுவதையும் உணர்வோம். எறும்புச் சாரை கண்டால் நின்று விலகுவோம். மனம் ஓடினால் கடிந்துகொள்ளாமல் அடுத்த நான்கு முழத்துக்கு அழைத்து வருவோம்.

ஓர் எறும்பைக் காக்கக் கண் விழித்திருக்கையில் நாளைய அச்சத்துக்கு மனத்தில் இடம் சுருங்குகிறது. இதனால் கடன் தீர்ந்துவிடாது. அதனை எதிர்கொள்ளும் தெளிவு பிறக்கும். உறக்கமின்மையும் படபடப்பும் நீடித்தால் மருத்துவரையும் நாடுவோம். அது நெறிக்கு இழுக்கன்று.

பிறவுயிர்க்கு அபயம் அளிக்கும் நடை, நடப்பவர்க்கும் அபயம் அளிக்கும். நாளைக் காலையிலேயே தொடங்குவோம்.