தெருவுக்கே வந்த கிளினிக்

கேள்வி: பாலியல் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போகத் தயங்குவது ஏன்?

பதில்: தொழில் தெரிந்ததும் மாறிவிடும் முகங்கள்தான் முதல் காரணம். வெறும் காய்ச்சலுக்குப் போனாலும் ஏச்சு கேட்க நேர்கிறது.

கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் சோனாகாச்சி பகுதியில் 1992-இல் மருத்துவர் ஸ்மரஜித் ஜனா கிளினிக்கைத் தெருவுக்கே கொண்டுவந்தார். அங்கே தொழில் செய்யும் பெண்களையே பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பினார். சக தொழிலாளி சொன்னதை மற்ற பெண்கள் நம்பினார்கள். ஆனால் நோயைத் தடுக்க ஆணுறை அணியச் சொன்னால் வாடிக்கையாளர் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். கந்துவட்டிக் கடன் கழுத்தை நெரிக்கும்போது எப்படி மறுப்பது? அதனால்தான் 1995-இல் பாலியல் தொழிலாளர்களின் 'துர்பார்' சங்கமும், சேமிப்புக்கும் கடனுக்குமான 'உஷா' கூட்டுறவுச் சங்கமும் பிறந்தன. மருந்தோடு சேமிப்பையும் கடனையும் யோசித்ததே ஜனா தொடங்கிய திட்டத்தின் பெரிய பலம்.

ஆனால் மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, பாலியல் வன்முறைக்கு ஆளாகும் பாலியல் தொழிலாளிக்கு உடனடி மருத்துவ உதவி தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 மே மாதத்தில்தான்.