பனிக்கடலின் குரல்

அலாஸ்காவின் வடகோடியில், ஆர்க்டிக் கடற்கரையில் இனுப்பியட் மக்கள் வாழ்கின்றனர். வில்போல் வளைந்த வாயினையுடைய வில்தலைத் திமிங்கிலமே அவர்தம் உணவில் தலையாயது. இளவேனிற்காலத்தில் திமிங்கிலங்கள் பனிக்கடல் வழியே கூட்டமாகச் செல்லும். அவற்றைக் கண்ணால் எண்ணிய அறிஞர், அவை 2,000-க்கு மேல் இரா எனக் கருதினர். அதனால் 1977-ஆம் ஆண்டில் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் அவ்வேட்டையைத் தடுத்தது. பின்னர்ச் சிறிதளவே இசைவு தந்தது.

“திமிங்கிலங்கள் பனிப்பாளத்தின் அடியிலும் செல்கின்றன, தலையால் பனியை முட்டி உடைத்து மூச்சு விடுகின்றன” என்றனர் வேட்டுவர். கண்ணுக்குப் புலனாகாதவற்றை எண்ணுவது எங்ஙனம்? ஒலியே அதற்கு வழிகாட்டிற்று.

திமிங்கிலங்கள் செல்லும்போது ஓயாது குரலெழுப்பும். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். இது காற்றில் செல்லும் விரைவினும் நான்கு மடங்கிற்கு மேற்பட்டது. 1980-ஆம் ஆண்டிற்குப்பின் ஆராய்ச்சியாளர் பனியின் ஓரத்தில் ஒலிவாங்கிகளை நீருள் இறக்கினர். ஒரே குரல் ஒவ்வொரு கருவியையும் அடைந்த கால வேறுபாட்டைக் கொண்டு, அது எழுந்த இடத்தைக் கணித்தனர். பனிக்கடியில் திமிங்கிலங்கள் பல செல்வது தெளிவாயிற்று. 1993-ஆம் ஆண்டில் அவற்றின் தொகை ஏறத்தாழ 8,000 என மதிப்பிடப்பெற்றது.

வேட்டுவர் சொல் மெய்யாயிற்று. கற்றோர் கருவியும் கடலோடு வாழ்வோர் பட்டறிவும் ஒன்றுகூடியபோதே உண்மை வெளிப்பட்டது.