வீட்டில் பேசி வையுங்கள்: நிலமும், முதுமைக் காலக் கவனிப்பும்



தடுப்பூசி, தாய்ப்பால், கர்ப்பிணிக்கு ஏற்ற உணவு என்று சொன்னால் கூடி உட்கார்ந்து கேட்கிறீர்கள். "உங்களுக்குப் பின்னால் இந்த நிலம் யாருக்கு? படுத்துவிட்டால் பார்த்துக்கொள்வது யார்?" என்று கேட்டால் மட்டும், "விளக்கு வைக்கிற நேரத்துல இன்னாத்துக்கு இந்தப் பேச்சு?" என்று எழுந்துவிடுகிறீர்கள். குடும்ப நலம் பிள்ளைப் பேற்றோடு முடிவதில்லை. ஆகவே இம்முறை இதைப் பற்றியே எழுதுகிறோம்.

ஐயங்கார்குளத்திலிருந்து உத்திரமேரூர் போனால் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920ஐ ஒட்டி, குடவோலையில் யார் பெயர் போடலாம், யார் பெயர் கூடாது என்று ஊர்ச்சபை கூடி முடிவு செய்து கல்லில் வெட்டி வைத்தது. வயது 35க்கு மேல் 70க்குள் என்பதும் அதில் இருக்கிறது. நம் வீட்டுக் காரியத்துக்குக் கல் வேண்டாம், ஒரு தாள் போதும். ஆனால் அதற்கு முன்னால் அவர்களைப்போல் கூடிப் பேச வேண்டுமே!

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தகப்பனாருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. மூக்கில் குழாய் போட்டுக் கஞ்சி கொடுக்கலாமா என்று டாக்டர் கேட்டார். அண்ணன் பட்டணத்துக்குக் கொண்டு போகணும் என்றார். தங்கை வீட்டுக்கே கொண்டு போகலாம் என்று அழுதாள். ஊர் ஊராய்ச் சுகாதாரம் பேசுகிற நானோ வாயடைத்து நின்றேன். நாற்பது நாள் ஆஸ்பத்திரியிலேயே கழிந்து, அங்கேயே அவர் கண்ணை மூடினார். கருமாதி முடிந்த பிறகு அம்மா சொன்னாள்: "கடைசியில வீட்டுத் திண்ணையில படுக்கணும்னு எங்கிட்ட எத்தினியோ தரம் சொல்லியிருக்காரு. நீங்க யாரும் என்னைக் கேக்கலியேப்பா." அவளைக் கேட்க வேண்டும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நிலத்தைப் பற்றி

உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், அவர் தானாகச் சம்பாதித்த சொத்தில் மனைவிக்கு ஒரு பங்கு, ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு, ஒவ்வொரு மகளுக்கும் ஒரு பங்கு, அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. எல்லாம் சமபங்கு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்வது இது. மூலையில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பாட்டிக்கும் பங்கு உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை.

பூர்வீகச் சொத்தில், 25-3-1989க்கு முன் கல்யாணம் ஆகாத பெண்களுக்கு முதலில் தமிழ்நாட்டுச் சட்டம் உரிமை கொடுத்தது. 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம், கல்யாணம் ஆன பெண்ணுக்கும் மகனுக்கு நிகரான உரிமையைத் தந்தது. அன்றைய தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. 20-12-2004க்கு முன் பதிவு செய்து முடித்த பாகப்பிரிவினையைத் திருப்ப முடியாது. "சீர் செஞ்சாச்சே, அதுக்கு ஏது பங்கு?" என்று சொல்லி அக்கா தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் அவசர அவசரமாகக் கையெழுத்து வாங்குவதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். விட்டுக்கொடுப்பது அவர்கள் இஷ்டம். ஆனால் தனக்கு எவ்வளவு வரும் என்று தெரிந்து விட்டுக்கொடுக்கட்டும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் பார்க்கக் கையெழுத்துப் போட்டு, அவர்களும் போட வேண்டும். உயிலால் ஆதாயம் அடையாதவர்களைச் சாட்சியாக வைப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்து வைத்தால் பிற்பாடு வழக்கு குறையும். உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதே செல்லும். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். முஸ்லிம் குடும்பங்களில், வாரிசுகள் சம்மதித்தால் ஒழிய, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

உயில் வேறு, தான செட்டில்மெண்ட் வேறு. செட்டில்மெண்ட் எழுதிப் பதிந்தால் சொத்து அன்றைக்கே கைமாறிவிடும். மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் சோற்றுக்கு நிற்கிற பெற்றோரைப் பார்க்கிறோம். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், "எங்கள் இருவரையும் கடைசிவரை வைத்துப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவுப்படி, நிபந்தனையை மீறினால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக்கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாது ஆக்கலாம். வாய்வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டால் பின்னால் நிரூபிப்பது பெரும்பாடு.

உடம்பு முடியாத காலத்தைப் பற்றி

பணம் காசைவிட இதைப் பேசுவதுதான் கஷ்டம். நேரம் பார்த்துப் பேசுங்கள். குடித்திருக்கும் ராத்திரியிலோ, விசேஷப் பந்தியிலோ வேண்டாம். அறுப்பு முடிந்து, மகளும் மருமகனும் வந்திருக்கும் ஒரு பகல்பொழுது நல்லது. முதலில் புருஷன் பெண்சாதி இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.

"ஏங்க, மேலத்தெரு பெரியப்பா மாதிரி உங்களுக்கு ஆச்சுன்னா நான் இன்னா செய்யணும்?"

"நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"

"கோச்சிக்காதீங்க. அன்னிக்கு உங்க தம்பி ஒண்ணு சொல்லுவாரு, பிள்ளைங்க ஒண்ணு சொல்லுவாங்க. நீங்க சொன்னது எனக்குத் தெரிஞ்சிருந்தா தைரியமா பேசுவேன்."

இப்படி ஆரம்பித்தால் போதும். முதல் நாளே முடிந்துவிடாது. யார் வீட்டில் இருப்பது, குளிப்பாட்டித் துடைப்பது யார், மருத்துவச் செலவு எதிலிருந்து, கண் தானம் செய்ய விருப்பமா என்று ஒவ்வொன்றாக வரட்டும். கண்ணை இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அப்போது யோசிக்க நேரம் இருக்காது. கவனிக்கிற வேலை முழுவதையும் மருமகள் தலையில் கட்டிவிட்டு, சொத்துப் பேச்சில் அவளை வெளியே உட்கார வைப்பது நியாயமில்லை. அவளையும் கூப்பிடுங்கள்.

பிழைக்க வழியில்லை என்றான பிறகு செயற்கை மூச்சுக் கருவி வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசடட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். உங்களுக்குப் பதிலாகப் பேச வேண்டியவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். அப்படியும் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துத்தான் முடிவெடுக்கும். ஆகவே, "எழுதினா வைத்தியமே பாக்காம விட்டுடுவாங்க" என்ற பயம் வேண்டாம். எல்லோரும் எழுதித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. முழு வைத்தியமும் வேண்டும் என்றால் அதையும் சொல்லி வையுங்கள்.

படுக்கையில் இருப்பவரை வீட்டில் வைத்துப் பார்க்க, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புப் பராமரிப்பும் இயன்முறைப் பயிற்சியும் வீடு தேடி வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

பத்திரம், பட்டா, வங்கிப் புத்தகம், உயில் எல்லாம் எந்தப் பெட்டியில் இருக்கின்றன, சாவி எங்கே என்று குறைந்தது இரண்டு பேருக்குத் தெரியட்டும். அதில் ஒருவர் உங்கள் மனைவியாக இருக்கட்டும்.